உடம்பில் ஊறும் அதே ஹார்மோன்: காசு கொடுக்குமுன் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிறை, மாக் மண்டின் தொழிற்பேட்டைகளுக்கு 1980-களிலும் 90-களிலும் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போன இளம்பெண்களில் பலர், நிபோங் திபால், சிம்பாங் அம்பாட், பத்து காவான் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அம்மா பால்மரம் வெட்டினார். மகள் ஷிஃப்ட் வேலைக்குப் போனார். அந்த மகள்களுக்கு இப்போது 50-ஐ ஒட்டிய வயது. சிலர் இன்னும் அதே லைனில் நிற்கிறார்கள், சிலர் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள், சிலர் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் பருவம் இவர்களுக்கு வந்திருக்கிறது, அல்லது வந்து போயிருக்கிறது.

அதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. "நின்னு போச்சு, இனி தொல்லை விட்டது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் தொல்லை பல பேருக்கு அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறும், இரண்டு மூன்று நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும், பிறகு குளிரும். தலை முதல் கால் வரை மூடிய சீருடையில் சுத்த அறையில் வேலை செய்யும் பெண்ணுக்கு இது வந்தால் என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள். இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்க வருபவருக்குத் தூக்கமும் போய்விடும். முட்டி வலி, தோள் வலி, காரணமில்லாத எரிச்சல், சிறுநீர் கழிக்கும்போது கடுகடுப்பு, கணவனோடு சேரும்போது வலி. கடைசி இரண்டையும் டாக்டரிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

இந்தக் கூச்சம் இருக்கும் இடத்தில்தான் வியாபாரமும் நுழைகிறது. முகநூலிலும் டிக்டாக்கிலும் புலனக் குழுக்களிலும் "பயோஐடென்டிக்கல் ஹார்மோன்" என்று ஒரு சொல் சுற்றுகிறது. "இது ரசாயனம் இல்லை, உங்கள் உடம்பில் ஊறும் அதே ஹார்மோன், இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது" என்கிறார்கள். கிரீம், சொட்டு மருந்து, கப்சூல், எச்சில் பரிசோதனை என்று பட்டியல் நீள்கிறது. இந்தச் சொல்லில் உண்மையும் உண்டு, புளுகும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "எல்லாம் ஏமாற்று" என்று ஒதுக்குவதும் நமக்கு நஷ்டம்தான்.

முதலில் உண்மை. பயோஐடென்டிக்கல் என்றால், மனித உடல் சுரக்கும் ஹார்மோனோடு அணுவுக்கு அணு ஒத்திருக்கும் பொருள். இது புதிதாக யாரோ கண்டுபிடித்த அதிசயம் இல்லை. உங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் அப்பாவின் இன்சுலின் பேனா இருக்கிறதா? அதில் இருப்பது 'மனித இன்சுலின்' என்றால் அதுவும் பயோஐடென்டிக்கல் ஹார்மோன்தான். 1922 ஜனவரியில் கனடாவின் டொரோண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல்முறையாக இன்சுலின் போட்டார்கள். அது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. பிறகு பன்றி இன்சுலினும் வந்தது. இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. மாட்டு இன்சுலினில் 3 மணிகள் வேறு, பன்றி இன்சுலினில் 1 மணி வேறு. அந்தச் சின்ன வித்தியாசத்தாலும் அந்தக் கால மருந்தில் கலந்திருந்த கசடாலும் சிலருக்கு ஒவ்வாமை வந்தது. 'மாட்டிலிருந்து எடுத்ததாமே' என்று மனம் ஒப்பாதவர்களும் இருந்தார்கள். 1982-ல்தான் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த மனித இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்று விற்பனைக்கு வந்தது. தைராய்டு குறைவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் போடும் லெவோதைரொக்சின் மாத்திரையும் அப்படித்தான். நம் கழுத்துச் சுரப்பி தரும் அதே பொருளைத் தொழிற்சாலையில் செய்து மாத்திரையாக்கித் தருகிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் இவற்றை வாங்கி வருபவர்கள் யாரும் "நான் பயோஐடென்டிக்கல் சிகிச்சையில் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வதில்லை. மருந்து என்கிறோம், அவ்வளவுதான்.

மாதவிடாய் நின்றவர்களுக்கான ஹார்மோன்களிலும் இதே கதைதான். சூலகம் சுரக்கும் முக்கிய ஹார்மோன்கள் இரண்டு: எஸ்ட்ராடியோல், புரோஜெஸ்டரோன். 50 வயதை ஒட்டி இவற்றின் சுரப்பு வற்றுகிறது. எஸ்ட்ராடியோல் குறைந்ததும் மூளையில் உடல் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் பகுதி தடுமாறுகிறது. சூடு கொஞ்சம் ஏறினாலே, தீப்பிடித்தது போல நினைத்து வேர்வையைத் திறந்துவிடுகிறது. அந்தக் குறையை வெளியிலிருந்து நிரப்பினால் அனல் அடங்குகிறது. இதற்கு ஹார்மோனைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இன்றுவரை இல்லை.

இயற்கை எது, ஒத்தது எது?

இங்கேதான் விளம்பரம் நம்மைக் குழப்புகிறது. 'இயற்கையானது' என்பதும் 'உடம்போடு ஒத்தது' என்பதும் ஒன்றல்ல. 1942-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பல பத்தாண்டுகள் உலகமெங்கும் விற்ற பிரெமரின் மாத்திரை, கருவுற்ற பெண் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. அதைவிட இயற்கையான மருந்தைக் காட்ட முடியுமா? ஆனால் அதில் இருப்பவற்றில் பல குதிரைக்கே உரிய ஈஸ்ட்ரோஜன்கள். மனிதப் பெண்ணின் உடம்பில் அவை ஊறுவதில்லை. அதே நேரத்தில், இன்று மாத்திரையாகவும் தோலில் பூசும் ஜெல்லாகவும் ஒட்டுப்பட்டையாகவும் வரும் எஸ்ட்ராடியோல், சோயாவிலோ ஒருவகைக் கிழங்கிலோ கிடைக்கும் பொருளை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பல படிகளில் மாற்றிச் செய்தது. தயாரிப்பு முழுக்கச் செயற்கை. கிடைப்பதோ உங்கள் உடம்பில் ஊறும் அதே பொருள்.

அந்தக் கிழங்குக்கு ஒரு கதை உண்டு. ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1940-களின் தொடக்கத்தில் மெக்சிகோவின் வேரகுரூஸ் பகுதிக்குப் போய், அங்கே காட்டில் வளரும் வள்ளிக்கிழங்கு இனம் ஒன்றைத் தோண்டி எடுத்தார். அதில் இருந்த டயோஸ்ஜெனின் என்ற பொருளை ஆய்வுக்கூடத்தில் மாற்றிப் புரோஜெஸ்டரோன் செய்தார். அதுவரை பொன் விலைக்கு விற்ற ஹார்மோன் அதன் பிறகு மலிந்தது. அவரோடு சேர்ந்து 1944-ல் மெக்சிகோவில் தொடங்கியதுதான் சின்டெக்ஸ் கம்பெனி. பின்னாளில் வந்த கருத்தடை மாத்திரைக்கும் இந்தக் கிழங்கு வழிவிட்டது.

இதைப் பாதி கேட்டவர்கள்தான் இன்று 'காட்டு வள்ளிக்கிழங்கு கிரீம்' விற்கிறார்கள். கிழங்கில் ஹார்மோன் இல்லை. ஹார்மோனாக மாற்றக்கூடிய மூலப்பொருள்தான் இருக்கிறது. அந்த மாற்றத்தை மார்க்கரின் ஆய்வுக்கூடம் செய்தது. நம் தோலோ வயிறோ செய்யாது. நெல்லைக் கையில் தேய்த்துக்கொண்டால் பசி அடங்காது, இல்லையா? சட்டியில் வேக வேண்டியது சட்டியில்தான் வேக வேண்டும்.

2002-ல் வந்த பயம்

"ஹார்மோன் மருந்து சாப்பிட்டால் மார்புப் புற்று வரும்" என்று உங்கள் அக்காவோ பெரியம்மாவோ சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு தேதி உண்டு: 2002 ஜூலை. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரை உள்ள 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வை அன்று பாதியில் நிறுத்தினார்கள். குதிரை ஈஸ்ட்ரோஜனோடு, மெட்ராக்சிபுரோஜெஸ்டரோன் என்ற செயற்கைப் பொருளைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு அது. உலகமெங்கும் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். மருத்துவர்களும் எழுதிக்கொடுக்கப் பயந்தார்கள்.

எண்ணிக்கையைப் பார்ப்போம். 10,000 பெண்கள் ஓர் ஆண்டு அந்த மருந்தைச் சாப்பிட்டால், சாப்பிடாதவர்களைவிடக் கூடுதலாக 8 பேருக்கு மார்புப் புற்று, 8 பேருக்குப் பக்கவாதம், 8 பேருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி, 7 பேருக்கு இதய நோய். குறைந்தவை: 6 பேருக்குப் பெருங்குடல் புற்று, 5 பேருக்கு இடுப்பெலும்பு முறிவு. ஆபத்து உண்மை, ஆனால் செய்தித்தாள் தலைப்பைப் பார்த்து நாம் கற்பனை செய்துகொண்ட அளவு இல்லை. அதோடு, அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்கள் பலர். அனல் தாங்காமல் 51 வயதில் கிளினிக்குக்கு வரும் பெண்ணுக்கு அந்தக் கணக்கை அப்படியே போட்டதுதான் தவறாகிப் போனது.

இன்று மருத்துவச் சங்கங்கள் பொதுவாகச் சொல்வது இதுதான்: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள், தொந்தரவு இருக்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு ஹார்மோனால் வரும் நன்மை பெரும்பாலும் ஆபத்தைவிட அதிகம். 2025 நவம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், இந்த மருந்துகளின் மேல் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளில் பலவற்றை நீக்கப் போவதாக அறிவித்தது. 'அப்படியானால் ஆபத்தே இல்லை' என்று இதை யாராவது விற்பனைக்குப் பயன்படுத்தினால் நம்பாதீர்கள். ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் கருப்பைப் புற்று வரலாம் என்ற எச்சரிக்கையை அவர்கள் நீக்கவில்லை.

அந்த எச்சரிக்கை ஏன் என்று கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் பணம் மட்டுமல்ல, உயிரும் இங்கேதான் போகிறது. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்தோலை வளர்க்கும். புரோஜெஸ்டரோன் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும். கடிவாளம் இல்லாமல் வளர்ந்தால் நாளடைவில் அது புற்றாக மாறலாம். 1975-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வுகள் இதைக் காட்டிவிட்டன. அதனால் கருப்பை உள்ள பெண்ணுக்கு இரண்டும் சேர்த்தே கொடுப்பார்கள். கருப்பையை எடுத்துவிட்டவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெரும்பாலும் போதும். புரோஜெஸ்டரோன் கிரீமைத் தோலில் தடவினால் கருப்பையைக் காக்கும் அளவுக்கு அது உள்ளே போய்ச் சேர்வதில்லை. ஒரு பக்கம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, இன்னொரு பக்கம் ஆன்லைனில் வாங்கிய கிரீம் என்று தானே சேர்த்துக்கொள்ளும் பெண், பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டு பாதுகாப்பில்லாமல் இருக்கிறார்.

புரோஜெஸ்டரோனை அப்படியே விழுங்கினால் உடம்பு ஏற்பது குறைவு. மிக நுண்ணிய துகளாக்கி எண்ணெயில் கலந்தால் ஏற்கும். அப்படிச் செய்த உட்ரோஜெஸ்டான் கப்சூல் 1980-ல் பிரான்சில் வெளிவந்தது. நம் நாட்டிலும் இருக்கிறது. பிரான்சில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வில், ஈஸ்ட்ரோஜனோடு இந்த ஒத்த புரோஜெஸ்டரோனை எடுத்தவர்களுக்கு, செயற்கை வகைகளை எடுத்தவர்களைவிட மார்புப் புற்று குறைவாக இருந்தது. இது கவனிப்பு ஆய்வு. சீட்டுப் போட்டு இரண்டு அணியாகப் பிரித்துச் செய்த சோதனை அல்ல. ஆனாலும் பல மருத்துவர்கள் இதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஈஸ்ட்ரோஜனையும் மாத்திரையாக விழுங்காமல் ஜெல்லாகவோ ஒட்டுப்பட்டையாகவோ தோல் வழியே கொடுத்தால், ரத்தக்கட்டி ஆபத்து குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரல்தான் ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைச் செய்கிறது. ஜெல் அந்த வழியைத் தவிர்த்து நேராக ரத்தத்தில் சேர்கிறது. எடை கூடிய பெண்களுக்கும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் இது முக்கியமான வித்தியாசம். நம் சமூகத்தில் அவர்கள் எத்தனை பேர் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒரு சின்னக் குறிப்பு: இந்தக் கப்சூல் தூக்கம் வரவைக்கும். தூக்கம் கெட்டவருக்கு அதுவே ஒரு லாபம். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர், எப்போது போட்டுக்கொள்வது என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள்.

டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?

சரி, ஒத்த ஹார்மோன் நல்லதுதானே, பிறகு விற்பவர்களிடம் என்ன குறை? அளவில்தான் குறை. பதிவு பெற்ற கம்பெனி மருந்தில் ஒவ்வொரு மாத்திரையிலும் சொன்ன அளவு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். "உங்களுக்கென்றே கலந்து தருகிறோம்" என்று சொல்லும் இடங்களில் அந்தச் சோதனை கிடையாது. 2001-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஹார்மோன் உட்பட, இப்படிக் கலந்து விற்ற 29 மருந்துகளை வாங்கிச் சோதித்தபோது 10 தேறவில்லை. பெரும்பாலானவற்றில் இருந்த மருந்து, சொன்ன அளவைவிடக் குறைவு. 2008-ல் அதே நிர்வாகம், 'பயோஐடென்டிக்கல்' என்பது மருத்துவச் சொல் அல்ல, விற்பனைச் சொல் என்று வெளிப்படையாகவே சொல்லி, ஏழு மருந்துக்கலவைக் கடைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2020-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் அமைத்த குழுவும், கலவை ஹார்மோன்கள் பாதுகாப்பானவை என்பதற்குப் போதுமான சான்று இல்லை, பயன்பாட்டைக் குறைக்கவேண்டும் என்றது. எச்சிலைச் சோதித்து அளவு சொல்கிறோம் என்பதும் வீண் செலவு. ஹார்மோன் அளவு நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்ணிடம் மாதவிடாய் எப்போது நின்றது, என்ன தொந்தரவு என்று கேட்டாலே பெரும்பாலும் போதும்.

நம் நாட்டில் இதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. மருந்தாக விற்கப்படும் எதுவும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். டப்பாவில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி எட்டு இலக்கங்களும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். அந்தக் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'ஏ' என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ஹார்மோன் இந்த வகையில்தான் வரும், மருத்துவரோ மருந்தாளரோ இல்லாமல் விற்க முடியாது. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. 'என்' என்றால் சத்துணவுப் பொருள். எம்ஏஎல் இல்லாமல் 'என்ஓடி' என்று தொடங்கும் எண் இருந்தால் அது அழகுசாதனப் பொருள், பவுடர், லிப்ஸ்டிக் மாதிரி. அழகுசாதனத்தில் ஹார்மோன் சேர்க்கவே கூடாது. ஆகவே என்ஓடி எண்ணோடு வரும் 'ஹார்மோன் கிரீம்' ஒன்று பொய் சொல்கிறது அல்லது சட்டத்தை மீறுகிறது. உள்ளே ஹார்மோன் இல்லையென்றால் உங்கள் காசு போச்சு. இருக்கிறதென்றால் அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் தேடிவிடும்.

பாசார் மாலாமில் விற்கும் ஜாமு, மூட்டு வலிக் கப்சூல் பற்றியும் இதே எச்சரிக்கை. இவற்றில் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டைக் களவாகச் சேர்த்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் முட்டி வலிக்கு இதை வாங்கிச் சாப்பிடுபவர் இரண்டு நாளில் எழுந்து நடப்பார், "என்ன அருமையான மருந்து" என்பார். அது இனிப்பு நீரை ஏற்றும், எலும்பைத் தின்னும். ஏற்கெனவே எலும்பு தேயும் வயதில் அதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஹார்மோன் யாருக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்புப் புற்று வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இனிப்பு நீர் இருப்பது மட்டும் தடை இல்லை. ஆனால் ரத்தக் கொதிப்பும் கொழுப்பும் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். ஹார்மோன் ஒத்துவராதவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. அனலை அடக்குவதற்கென்றே மூளையில் வேலை செய்யும் ஹார்மோன் அல்லாத மாத்திரை ஒன்றை 2023-ல் அமெரிக்கா அனுமதித்தது. கீழே உலர்ந்து எரிச்சலும் அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் மட்டுமே தொந்தரவு என்றால், பிறப்புறுப்பில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் போதும். அது ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும். இதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் மாதாமாதம் ஆன்டிபயாடிக் சாப்பிடும் பெண்கள் இருக்கிறார்கள்.

மாறாக, கட்டாயம் கேட்கவேண்டியவர்களும் உண்டு. 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்கள், கட்டி என்று சொல்லி இளம் வயதிலேயே இரண்டு சூலகத்தையும் எடுத்துவிட்டவர்கள். இவர்களுக்கு ஹார்மோன் இல்லாமல் போகும் வருடங்கள் அதிகம். எலும்பும் இதயமும் சீக்கிரமே பலவீனமாகும். தடை எதுவும் இல்லையென்றால் குறைந்தது 50 வயது வரையாவது ஹார்மோன் எடுப்பது நல்லது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு குறைவு. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பின் இதை யாரும் சொல்லவில்லை என்றால், நீங்களே போய்க் கேளுங்கள்.

ஒரு வருடம் மாதவிடாய் நின்ற பிறகு திரும்ப ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், அது "பழையபடி வந்துவிட்டது" இல்லை. கருப்பைப் புற்றின் முதல் அடையாளமாக அது இருக்கலாம். ஹார்மோன் சாப்பிடுபவரும் சரி, சாப்பிடாதவரும் சரி, அந்த வாரமே போய்க் காட்டவேண்டும்.

எங்கே போவது? பக்கத்து அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலேயே ஆரம்பிக்கலாம், ஒரு வெள்ளிதான் கட்டணம். தேவைப்பட்டால் அவர்களே கடிதம் கொடுத்துச் செபராங் ஜெயா மருத்துவமனையின் மகப்பேறு, பெண்நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். எல்லா வகை ஹார்மோனும் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது; ஜெல்லோ கப்சூலோ வெளியே மருந்தகத்தில் வாங்க வேண்டியிருந்தால் சீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள், பெண் டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

போகும்போது, கடைசியாக மாதவிடாய் வந்த மாதம், ஒரு நாளைக்கு எத்தனை முறை அனல் ஏறுகிறது, குடும்பத்தில் யாருக்காவது மார்புப் புற்று உண்டா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், ஆன்லைனில் வாங்கிய அந்தக் கிரீம் டப்பாவையும் சேர்த்து.